படியாமல் காத்தல்: மூக்கு உள்வைப்பும் கிருமிப்படலமும் நம் சொற்களும்



இன்றைய தலைப்பை அழைப்பிதழில் கண்ட நண்பர் ஒருவர், "வேற்றுமை உருபுகளைப் பற்றிப் பேசுவீர்கள் என்று எதிர்பார்த்தோம், மூக்கைப் பற்றிப் பேசப் போகிறீர்களாமே!" என்று வியந்தார். அவர் வியப்பு நியாயமானதே. நான் மருத்துவன் அல்லன். மொழியியலில் முனைவர் பட்டம் பெற்று, பல்லாண்டு சொற்களோடு பழகி, ஓய்வு பெற்றவன். மருத்துவ அறிவுரை கூற எனக்குத் தகுதி இல்லை. அதை நான் செய்யவும் போவதில்லை. ஆயினும், ஒரு மருத்துவச் செய்தி தமிழில் பிழையாகச் சொல்லப்பட்டால் என்ன நேரும் என்பதை என் குடும்பத்திலேயே கண்டேன். அதைச் சொல்லும் கடமை மொழி கற்றவனுக்கு உண்டு என்று கருதியே இத்தலைப்பை ஏற்றேன்.

மடித்து வைத்த ஒரு தாள்

என் மூத்த சகோதரிக்கு எழுபது வயது கடந்துவிட்டது. பல்லாண்டுகளாக அவரை மூக்கடைப்பும் தலைபாரமும் வாட்டிவந்தன. மாத்திரைகள் பயன் தராத நிலையில் மருத்துவர்கள் மூக்கினுள் அறுவைச் சிகிச்சை செய்து, அடைபட்ட வழியைத் திறந்து, அது மீண்டும் மூடிக்கொள்ளாதிருக்கக் கரையும் தன்மையுள்ள சிறிய உள்வைப்பு ஒன்றைப் பொருத்தி அனுப்பினர். தமிழில் அச்சிட்ட ஒரு தாளும் கையில் கொடுக்கப்பட்டது. முதல் சில வாரங்கள் நலமாகவே சென்றன. பின்னர்ப் பழைய தொல்லை திரும்பியது. மருத்துவர் நோக்குக்கருவியை உள்ளே செலுத்திப் பார்த்தபோது, திறந்த வழியில் பொருக்கும், அதனடியில் பிசுபிசுப்பான ஒரு படிவும் இருந்தன. மறுபடியும் அறுவைக் கூடத்திற்குச் செல்ல வேண்டியதாயிற்று.

அதன்பின் ஒருநாள் அக்காவின் வீட்டில் மருந்துப் பெட்டியைத் துழாவியபோது அந்தத் தாள் கிடைத்தது. நான்காக மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார். அதில் இருந்த ஒரு வாக்கியத்தை அப்படியே சொல்கிறேன்: "உயிரியல் திரைப்படம் உருவாவதைத் தடுக்க நாளுக்கு இருமுறை நாசிப் பாசனம் செய்க."

நீங்கள் சிரிக்கிறீர்கள், நானும் முதலில் சிரித்தேன். பிறகு அக்காவிடம், "இதைப் படித்தீர்களா?" என்று கேட்டேன். "படிச்சேன் தம்பி. ஏதோ வயலுக்குத் தண்ணி பாய்ச்சறதைப் பத்தி எழுதியிருந்துச்சு. எனக்குப் புரியலை. ஆனா மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடலை" என்றார். அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தத் தாள்தான் காரணம் என்று நான் அறுதியிட்டுக் கூறமாட்டேன். நாட்பட்ட நோய், திருந்தச் செய்தவர்களுக்கும் அது திரும்புவதுண்டு. ஆனால், தம் கையால் நாள்தோறும் செய்திருக்க வேண்டிய ஒரே காப்பு வேலை இன்னதென்று அவருக்குத் தெரியாமலே போயிற்று. தெரிவித்ததாகத் தாள் சொல்கிறது. தெரியவில்லை என்று மனிதர் சொல்கிறார். இந்த இடைவெளியைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். அதற்கு முதலில் பொருளை விளங்கிக்கொள்ள வேண்டும்.

மூக்கைச் சூழ்ந்த அறைகள்

"எனக்குச் சைனஸ் இருக்கிறது" என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது எல்லோருக்கும் உண்டு. சைனஸ் என்பது நோயின் பெயரன்று, உறுப்பின் பெயர். கன்னம், நெற்றி, கண்களின் இடைப்பகுதி, அதற்கும் பின்னால் மண்டையோட்டின் நடுப்பகுதி என நான்கு இணைகளாக எலும்புக்குள் அமைந்த காற்றறைகள் அவை. உறுப்பின் பெயர் நோய்க்கு ஆகிவந்திருக்கிறது. ஆகுபெயர் இலக்கண நூலில் மட்டும் இல்லை, மருந்துக்கடையிலும் இருக்கிறது. நம் சித்த மருத்துவ வழக்கில் இந்நோய்க்குப் 'பீனிசம்' என்ற பெயர் உண்டு. முதியோர் சிலர் இன்றும் அச்சொல்லைச் சொல்லக் கேட்கலாம்.

இக்காற்றறைகளின் உட்சுவரில் சளிநீர் ஓயாது சுரக்கிறது. அதன்கீழே கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் நொடிக்குப் பல தடவை அசைந்து, சளிநீரை ஒரே திசையில் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. கன்னத்து அறையின் வாயில் கீழே இல்லை; மேற்பகுதியில் இருக்கிறது. ஆகவே சளிநீர் தானாக வடிந்துவிடாது. நுண்மயிர்கள் அதை மேல்நோக்கி ஏற்றி வெளியேற்ற வேண்டும். வீட்டைப் பெருக்கும் வேலை நாள் முழுதும் நடக்கும் அறை அது என்று கொள்ளலாம். வீக்கத்தாலோ சதை வளர்ச்சியாலோ வாயில் அடைபட்டால் பெருக்கும் வேலை நின்று போகும். தேங்கிய இடத்தில் கிருமிகள் குடியேறும்.

அறுவைச் சிகிச்சையின் நோக்கம் அவ்வாயிலைத் திறப்பது. திறந்த புண் ஆறும்போது ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடும். அதைத் தடுக்கவே தாங்கிகளும் உள்வைப்புகளும் வைக்கப்படுகின்றன. முற்காலத்தில் துணித்திரியும் ரப்பர், சிலிக்கோன் குழாய்களும் பயன்பட்டன. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2011-இல் இசைவளித்த 'புரொபெல்' என்னும் உள்வைப்பு வேறு வகையானது. உடலில் கரையக்கூடிய இழைகளால் சுருள்வலைபோல் பின்னப்பட்ட அதில், வீக்கத்தைத் தணிக்கும் மொமெட்டசோன் என்னும் மருந்து 370 மைக்ரோகிராம் பூசப்பட்டிருக்கும். அது மெல்ல மருந்தைக் கசியவிட்டு, சில வாரங்களில் கரைந்து போகும். மூக்கினுள் மீண்டும் சதை வளர்ந்தவர்களுக்கென 'சினுவா' என்னும் மற்றொன்றுக்கு 2017-இல் இசைவு கிடைத்தது. அதில் 1,350 மைக்ரோகிராம் மருந்து உண்டு.

இங்கு ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அம்மருந்து வீக்கத்தைத் தணிப்பது, கிருமியை அழிப்பதன்று. 'மருந்து பூசிய உள்வைப்பு' என்று மட்டும் சொன்னால், கேட்பவர், "கிருமிக்கு மருந்து உள்ளேயே இருக்கிறது, இனிக் கவலை இல்லை" என்று எண்ணிவிடக்கூடும். என்ன மருந்து, எதற்கு மருந்து என்று சேர்த்துச் சொன்னால்தான் அது செய்தி ஆகும்.

கூடி வாழும் கிருமிகள்

இனி அந்தத் 'திரைப்படத்துக்கு' வருவோம். கிருமி என்றவுடன் நம் மனத்தில் எழுவது, நீரில் தனித்தனியே நீந்தித் திரியும் புள்ளிகளின் உருவம். ஆய்வுக்கூடக் குடுவைகளில் அவை அவ்வாறே வளர்க்கப்பட்டன. இயற்கையில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் அவ்வாறு வாழ்வதில்லை. ஏதேனும் ஒரு பரப்பைக் கண்டால் ஒட்டும், பெருகும், தம்மைச் சுற்றிச் சர்க்கரைப் பொருள்களும் புரதமும் மரபுப் பொருளும் கலந்த ஒரு கொழகொழப்பைச் சுரந்துகொள்ளும். அக்கூட்டுக்குள் நீர் செல்லும் வழிகள்கூட இருக்கும். நன்கு முதிர்ந்தபின் சில கிருமிகள் பிரிந்துபோய் வேறிடத்தில் குடியேறும். ஊர் உண்டாகி, வளர்ந்து, கிளையூர் தோன்றுவதுபோன்றது இது.

இதை முதன்முதல் கண்டவர்களுள் ஒருவர் நெதர்லாந்தின் துணி வணிகர் லேவன்ஹூக். 1683-இல் அவர் தம் பல்லிடுக்கில் சுரண்டியெடுத்த வெண்படிவைத் தாமே செய்த உருப்பெருக்கியில் பார்த்து, அதில் நெளியும் சிற்றுயிர்களைப் பற்றி லண்டன் அரச கழகத்திற்கு எழுதினார். காடியால் பல்லைக் கழுவியபோது படிவின் வெளிப்புறத்தில் இருந்தவை மாண்டன என்றும், காடி உள்ளே ஊடுருவவில்லை என்றும் அவர் கண்டார். இன்று மருத்துவர்கள் அல்லற்படும் சிக்கல் முழுவதும் அந்த ஒரு நோக்கில் அடங்கியிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் இத்துறையை நிலைநிறுத்தியவருள் முதன்மையானவர் கனடாவில் பணியாற்றிய வில்லியம் காஸ்டர்ட்டன். பாக்டீரியா எவ்வாறு ஒட்டுகிறது என்பது பற்றி 1978-இல் அவரும் அவர்தம் துணைவரும் எழுதிய கட்டுரை பலர் கண்களைத் திறந்தது. 1982-இல் அவர் பங்கேற்ற மற்றோர் ஆய்வு, இதயமுடுக்கி பொருத்தப்பட்ட ஒரு நோயாளியைப் பற்றியது. மருந்து கொடுத்தால் காய்ச்சல் அடங்கும். நிறுத்தினால் கிருமி மீண்டும் இரத்தத்தில் தோன்றும். இறுதியில் முடுக்கியின் கம்பியை எடுத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, அதன்மேல் பாக்டீரியாக்கள் தடித்த படலமாகப் படர்ந்திருந்தன. மருந்து இரத்தத்தில் திரிந்தவற்றை அழித்தது. படலத்துள் இருந்தவற்றை அழிக்கவில்லை.

ஏன் அழிக்கவில்லை? படலத்தின் கொழகொழப்பு மருந்தைத் தடுத்துத் தாமதப்படுத்துகிறது. அடியில் உள்ள கிருமிகள் உணவும் உயிர்வளியும் குறைந்து ஏறத்தாழ உறங்குகின்றன. பெருகும் கிருமியைத் தாக்கும் மருந்து உறங்கும் கிருமியை என்ன செய்யும்? பெனிசிலினுக்குத் தப்பிய இத்தகைய சில கிருமிகளை ஜோசப் பிக்கர் 1944-இலேயே கண்டு, 'விடாது நிலைப்பவை' என்னும் பொருளில் பெயரிட்டார். நம் வழக்கில் 'விடாக்கண்டன்' என்பது அவற்றுக்கு எத்துணைப் பொருத்தமான பெயர்! தனித்துத் திரியும் கிருமியைக் கொல்லும் அளவைப்போல் நூறு மடங்கு, சில வேளை ஆயிரம் மடங்கு மருந்தையும் படலத்திலுள்ள கிருமி தாங்கக்கூடும். அவ்வளவு மருந்தை மனித உடல் தாங்காது.

பரப்பைப் பிடிக்கும் பந்தயம்

உடலுக்குள் வைத்த அயற்பொருள் ஏன் கிருமிக்கு இத்துணை வாய்ப்பாகிறது? 1957-இல் எலெக், கோனன் என்னும் இருவர், இக்காலத்தில் எவரும் செய்யத் துணியாத ஓர் ஆய்வை வெளியிட்டனர். தாமே முன்வந்த மனிதர்களின் தோலில் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியைச் செலுத்திப் பார்த்தனர். சீழ் உண்டாவதற்குப் பல மில்லியன் கிருமிகள் தேவைப்பட்டன. ஆனால் அவ்விடத்தில் பட்டுநூல் தையல் ஒன்று இருந்தால், சில நூறு கிருமிகளே போதுமாயிருந்தன. ஒரு நூலிழை, உடலின் காவலைப் பல்லாயிரம் மடங்கு தளர்த்திவிட்டது.

1987-இல் அந்தோனி கிரிஸ்டினா என்னும் எலும்பு மருத்துவர் இதை ஒரு பந்தயமாக விளக்கினார். உள்வைத்த பொருளின் பரப்பை நோக்கி இருவர் ஓடுகின்றனர்: ஒருவர் உடலின் திசுக்கள்; மற்றவர் கிருமிகள். திசு முந்தினால் பரப்பு உடலுக்குச் சொந்தம். கிருமி முந்திப் படலம் அமைத்துவிட்டால் அதை அகற்றுவது மிகக் கடினம். தமிழில் பல் மருத்துவர் சிலர் உள்வைப்பைப் 'பதியம்' என்கின்றனர். வேர்விட்டுப் பற்றிக்கொள்ள வேண்டிய பல்லுக்கும் மூட்டுக்கும் அது அழகிய சொல். மூக்கினுள் வைத்துக் கரைந்துபோகும் பொருள் வேர்விட வேண்டியதில்லை. எனவே அதற்கு 'உள்வைப்பு' என்பதே போதும்.

மூக்கிலும் இப்பந்தயம் நடக்கிறது என்பதற்குச் சான்று 2004-இல் கிடைத்தது. நெற்றி அறையின் வழியில் வைத்து, பின் எடுத்த தாங்கிகளை அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெர்லாஃப், பாமர் ஆகியோர் மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அவற்றின்மேல் பாக்டீரியாப் படலம் இருந்ததைக் காட்டினர். அதே ஆண்டில், உள்வைப்பு ஏதும் இல்லாத நாட்பட்ட நோயாளிகளின் உட்சவ்விலும் அத்தகைய படலம் காணப்பட்டதாக அறிக்கை வந்தது.

காக்கும் வழிகள்

படிந்ததை அழிப்பது கடினம் என்றால், படியாமல் காப்பதே வழி. அறிவியலார் நாற்புறமும் முயல்கின்றனர். முதல் வழி, பரப்பையே கிருமி ஒட்டாததாக்குவது. ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தின் டோனி பிரெனன், அமெரிக்கக் கடற்படைக்காகக் கப்பலின் அடியில் பாசி பிடிக்காமல் காக்கும் வழியைத் தேடினார். சுறாவின் தோலில் பாசி பிடிப்பதில்லை என்பதைக் கவனித்து, அதன் நுண்வரிகளைப் போன்ற பரப்பை உருவாக்கினார். அவ்வமைப்பைப் பின்னர் மருத்துவக் கருவிகளிலும் சோதித்தனர். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலின் அடிப்பகுதியும் என் அக்காவின் மூக்கும் ஒரே சிக்கலின் இரு முகங்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, உள்வைப்பிலேயே பாக்டீரியாவை அழிக்கும் மருந்தைப் பூசுவது. அலபாமாவின் பர்மிங்ஹாம் நகர ஆய்வாளர்கள் சிப்ரோஃபிளாக்சசின் பூசிய தாங்கிகளை முயல்களில் சோதித்துள்ளனர். மூன்றாவது, பரப்பு நெடுநாள் இல்லாதவாறு செய்வது. கரையும் உள்வைப்பின் பயன்களுள் அதுவும் ஒன்று. பொருளே மறைந்தால் கிருமி எதைப் பற்றும்?

நான்காவது, கிருமிகளின் 'பேச்சை'க் குலைப்பது. பாக்டீரியாக்கள் வேதிப்பொருள்களைச் சுரந்து, தம் எண்ணிக்கை போதுமான அளவை எட்டிவிட்டதா என்று உணர்ந்த பின்னரே சில செயல்களைத் தொடங்குகின்றன. கூட்டத்திற்கு வேண்டிய குறைந்த எண்ணிக்கையைக் குறிக்கும் சட்டச் சொல்லையே ஆங்கிலத்தில் இதற்கு இட்டனர். தமிழில் அது 'குறைவெண்'. நம் சங்கக் கூட்டங்களில் "கோரம் சேரவில்லை" என்று அரைமணி நேரம் காத்திருப்போமே, அதுதான். கிருமிகளுக்குக் கோரம் சேராமல் தடுக்க முடியுமா என்பது இன்றைய ஆய்வுகளுள் ஒன்று.

இவையெல்லாம் ஆய்வாளர் கையில் உள்ளவை. நோயாளி கையில் உள்ளது ஒன்றே: உப்புநீரால் மூக்கை அலசுதல். அறுவைக்குப்பின் சேரும் கசிவையும் பொருக்கையும் அது வெளியேற்றுகிறது. நுண்மயிர்கள் ஓய்ந்திருக்கும் நாள்களில் அவற்றின் வேலையை நம் கை செய்கிறது. இதோடு, குறித்த நாளில் மருத்துவரிடம் சென்று உட்புறத்தைத் தூய்மை செய்துகொள்வதும் காப்பின் பகுதியே.

தடுப்புக்கும் அழிப்புக்கும் உள்ள வேறுபாட்டை 2008-இல் வந்த ஓர் ஆய்வு துலக்கமாகக் காட்டியது. குழந்தைகளுக்கான ஷாம்பூவை நூற்றுக்கு ஒரு பங்கு கலந்த நீர், சூடோமோனாஸ் கிருமி ஆய்வுக்கூடத்தில் படலம் அமைப்பதைத் தடுத்தது. ஆனால் முன்பே அமைந்துவிட்ட படலத்தை அதே நீரால் அகற்ற முடியவில்லை. இதைக் கேட்டு எவரும் வீட்டில் ஷாம்பூவை மூக்கில் ஊற்ற வேண்டா. மருத்துவர் சொல்லாத எதையும் கலக்கலாகாது. நான் சுட்ட விரும்புவது ஒன்றே: ஒரே பொருள், முன்னே வந்தால் காக்கிறது, பின்னே வந்தால் தோற்கிறது.

நம் சொற்கள் எதைச் சொல்கின்றன?

இப்போது என் துறைக்கு வருகிறேன். கிருமியைப் பற்றி நாம் இருபதாம் நூற்றாண்டில் ஆக்கிய சொற்களை வரிசைப்படுத்துங்கள்: கிருமிநாசினி, நுண்ணுயிர்க்கொல்லி, எதிர்ப்பி, எதிர் உயிரி. எல்லாம் போர்க்களச் சொற்கள். எதிரி வருகிறான், மாத்திரை கொல்கிறது, போர் முடிகிறது. அக்கா மாத்திரையை ஒரு வேளையும் விடவில்லை என்று பெருமையோடு சொன்னாரே, அந்தப் பெருமையைக் கற்பித்தவை இச்சொற்களே. கொல்லும் சொல் அவருக்குப் புரிந்தது. கழுவும் சொல் அவரை எட்டவில்லை.

'கிருமி' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். வடமொழியில் அது புழுவைக் குறித்தது. இன்று சிங்கப்பூரில் அது வைரஸ், பாக்டீரியா இரண்டையும் குறிக்கிறது. 2020-இல் தமிழ்நாட்டில் 'வைரஸ்' என்றும் 'தீநுண்மி' என்றும் வழங்கியபோது, நாம் இங்கே 'கிருமித்தொற்று' என்றே எழுதினோம்; அனைவருக்கும் விளங்கியது. ஆயினும் பாக்டீரியாவுக்கு உரிய மருந்து வைரஸுக்குப் பயன்படாது. வேறுபாடு முக்கியமான இடத்தில் 'பாக்டீரியா' என்றே தமிழெழுத்தில் எழுதுவது குற்றமன்று என்பது என் கருத்து.

'தொற்று' என்பதோ நமக்கு வாய்த்த பெருஞ்செல்வம். தொற்றுதல் என்றால் பற்றி ஒட்டிக்கொள்ளுதல். ஓடும் பேருந்தின் படியில் ஒருவன் தொற்றிக்கொண்டான் என்கிறோம். நோய் பரவலின் தொடக்கம் ஒட்டுதலே என்று அறிவியல் விரித்துரைக்கும் முன்பே, நம் மொழியின் சொல் அப்பொருளைத் தாங்கி நின்றது. அதுபோன்றதே 'பிடித்தல்'. தொட்டியில் பாசி பிடிக்கிறது. இரும்பில் துரு பிடிக்கிறது. ரொட்டியில் பூஞ்சை பிடிக்கிறது. நமக்குச் சளி பிடிக்கிறது. கவனியாது விட்ட பரப்பில் மெல்ல ஏறி நிலைகொள்ளும் எதற்கும் இவ்வினை பொருந்தும். பாசி பிடித்த தொட்டியை மருந்து ஊற்றிக் கொல்வோம் என்று எந்தத் தாயும் நினைத்ததில்லை. தேய்த்துக் கழுவுவாள், மறுபடி பிடிக்காமல் நாள்தோறும் அலசுவாள்.

ஆகவே அந்தத் 'திரைப்படத்துக்கு' என்ன பெயர் இடலாம்? 'உயிரிப்படலம்' என்பது பாடநூலுக்கு ஏற்றது. நோயாளிக்கு அது எதையும் உணர்த்தாது. 'பாசி' உணர்த்தும்; ஆனால் பச்சை நிறத்தையும் தாவரத்தையும் மனத்தில் கொணரும். நான் 'கிருமிப்படலம்' என்பதை முன்வைக்கிறேன். கண்ணில் படலம் என்பது முதியோர் அறிந்த வழக்கு. 'படலம்' வடமொழிச் சொல்லே. எனினும் தமிழ்ச்செவி அதைப் 'படர்தல்', 'படிதல்' ஆகியவற்றோடு சேர்த்தே கேட்கிறது. அது சொற்பிறப்பியலுக்கு உடன்பாடு இல்லாவிடினும் நோயாளிக்கு நன்மையே செய்கிறது.

'நாசிப் பாசனம்' பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நம்மிடம் கழுவுதல், அலசுதல், கொப்புளித்தல் எனத் தனித்தனி வினைகள் இருக்கின்றன. நீரைச் செலுத்தி அசைத்து வெளியேற்றுவது அலசுதல். மூக்கிற்கு அதுவே உரியது.

மற்றொரு சொல், உயிரோடு தொடர்புடையது. அலசும் நீர் தூயதாக இருக்க வேண்டும். 2011-இல் அமெரிக்காவின் லூசியானாவில், குழாய் நீரை அப்படியே மூக்கில் செலுத்திய இருவர், மூளையைத் தாக்கும் ஓர் அமீபாவால் உயிரிழந்தனர். ஆகவே தாள்களில் 'காய்ச்சி வடித்த நீர்' என்று எழுதுகிறோம். நாம் கருதுவது ஆவியாக்கிக் குளிர்வித்த நீர். ஆனால் சோறு வடித்துப் பழகிய கைக்கு அது "கொதிக்கவைத்துத் துணியில் வடிகட்டு" என்றே கேட்கும். நல்வாய்ப்பாக, நன்கு கொதித்து ஆறிய நீரும் போதுமானது. பொருள் மாறியும் தீங்கு இல்லை. எல்லாப் பிழைகளும் இப்படி இரக்கம் காட்டுவதில்லை.

மாற்றி எழுதிய தாள்

அக்காவுக்காக அத்தாளை நான் மாற்றி எழுதினேன். மருத்துவர் ஒருவரிடம் காட்டித் திருத்தியும் கொண்டேன். அதை வாசிக்கிறேன்:

"உங்கள் மூக்கினுள் சிறிய வலைபோன்ற ஒரு பொருள் வைக்கப்பட்டுள்ளது. அது சில வாரங்களில் தானே கரைந்துவிடும். புண் ஆறும்வரை உள்ளே கசிவும் பொருக்கும் சேரும். அவற்றில் கிருமிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டால், தொட்டியில் பாசி பிடிப்பதுபோல் ஒரு படலம் உண்டாகும். அப்படிப் படிந்தபின் மாத்திரையால் மட்டும் அதை நீக்குவது கடினம். எனவே அது படியாமல் இருக்க, மருத்துவர் சொன்ன நாள் முதல், சொன்ன அளவு உப்பு கலந்த நீரால் மூக்கை அலசுங்கள். கொதித்து ஆறிய நீரையே பயன்படுத்துங்கள். அலசும் புட்டியையும் கழுவிக் காயவையுங்கள். அதிலும் படலம் பிடிக்கும். உடல் நலமாகத் தோன்றினாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். குறித்த நாளில் பரிசோதனைக்கு வாருங்கள்."

இதில் அரிய சொல் ஒன்றும் இல்லை. அக்கா இருமுறை படித்தார். பிறகு, "இவ்வளவுதானா? மூக்குக்குப் பல் விளக்கற மாதிரின்னு சொல்லு. இதை அப்பவே சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே, தம்பி" என்றார். லேவன்ஹூக் கண்டதும் பற்படிவைத்தான் என்பது அவருக்குத் தெரியாது. ஆயினும் நான் பல நாள் தேடிய விளக்கத்தை அவர் ஒரு தொடரில் தந்துவிட்டார்.

அன்பர்களே, பேரவைக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைத்து முடிக்கிறேன். ஒன்று: மருத்துவத் தாள் எதுவும் அச்சேறும் முன்னர், பலதுறை மருந்தகத்தில் காத்திருக்கும் ஒரு முதியவரிடம் அதை வாசித்துக் காட்டி, புரிந்ததை அவர் வாயால் திரும்பச் சொல்லச் செய்யுங்கள். அவரால் சொல்ல முடியாவிட்டால் பிழை தாளில் இருக்கிறது, அவரிடம் இல்லை. இரண்டு: பெயர்ச்சொல்லை ஆக்குவதில் நாம் காட்டும் ஆர்வத்தில் பாதியை வினைச்சொல்லைத் தேர்வதில் காட்டுவோம். நோயாளி செய்ய வேண்டியது வினையைத்தான். மூன்று: எந்திரம் மொழிபெயர்த்ததை மனிதர் ஒருவர் படித்துப் பார்க்காமல் நோயாளியின் கையில் கொடுக்க வேண்டா.

தமிழில் 'விளக்குதல்' என்ற ஒரே வினை இருபொருள் தருகிறது. பல்லையும் பாத்திரத்தையும் தேய்த்துத் தூய்மை செய்வதும் விளக்குதல். அறியாததை அறியச் செய்வதும் விளக்குதல். மூக்கறையில் படலம் படியாமல் காக்க இரண்டும் வேண்டும். முதலாவதை நோயாளி செய்வார். இரண்டாவதைச் செய்யவேண்டியவர்கள் நாம். நாம் செய்த பிறகே அவரால் செய்ய இயலும்.